திருஷ்டிக் கயிறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர் முதல் கட்டிய கணவர் வரை எல்லோரும் அதை அனுபவித்தவர்கள். என் அண்ணன் ஒருவரிடம்தான் அது எடுபடாது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். 'அம்மணி' என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். அந்த ஒரு சொல்லை வைத்தே என்னை எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார் என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் பதினோரு வருடம் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டார் வைண்டிங் பிரிவில் இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை செம்புக் கம்பியைச் சுற்றுவதுதான் வேலை. கொரோனாவுக்குப் பிறகு ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே வந்தது நாங்கள்தான், வைண்டிங் பெண்கள். அதே சமயத்தில் வெள்ளகோவிலில் அண்ணனுக்கும் தொழில் படுத்துவிட்டது. அவர் மாட்டுத் தரகர். மாதக்கணக்கில் சந்தை கூடவில்லை. சும்மா உட்காரத் தெரியாத மனிதர், பழைய பைக்குகளை வாங்கி விற்கலாம் என்று ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாடும் வண்டியும் ஒண்ணுதான் அம்மணி. பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்குப் பதிலா டயரப் புடிச்சுப் பாக்கோணும். நான் புடிச்சுட்டு வாரேன், நீ சரி பண்ணு."

"எனக்கு மோட்டார்தானுங்கண்ணா தெரியும்."

"அதுவும் சுத்துது, இதுவும் சுத்துது."

இப்படித்தான் ஆரம்பித்தோம். சிங்காநல்லூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை உண்டு. என் கணவர் லேத் பட்டறையில் டர்னர். அவருடைய ஸ்பானர்கள், போனில் பார்த்த வீடியோக்கள், என் பிடிவாதம், இவைதான் மூலதனம். முதல் வண்டியைப் பிரித்துப் பூட்டியபோது நாலு போல்ட்டு மிச்சம் இருந்தது. மறுபடி பிரித்தேன். ஆறாவது ஏழாவது வண்டியில் கை பழகிவிட்டது. எலி கடித்த வயரிங்கைப் பார்த்தால் மற்ற மெக்கானிக்குகள் ஓடிப்போவார்கள். எனக்கு அதுதான் பிடித்த வேலை.

விற்பது அண்ணன் பொறுப்பு. அவர் வாயாலேயே பந்தல் போட்டுவிடுவார். ஒரு பெண் சரிசெய்த வண்டி என்றால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்று நான் பயந்தேன். அவர் அதையே சரக்காக்கினார். "என்ற தங்கச்சி கை பட்ட வண்டிங்க. அவ புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி ஒவ்வொரு ஸ்க்ரூவா பாத்து முறுக்கியிருக்கா" என்பார். கொட்டகைக்குள்ளிருந்து அதைக் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் அப்பாவும் மாட்டுத் தரகர்தான். மாட்டை விற்றால் மாட்டை மட்டும்தான் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குபவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாட்டிக் கூட்டிப்போக வேண்டும். கயிறும் சேர்ந்து போனால் பட்டியின் ராசியும் கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. விற்ற மாட்டின் கயிறுகள் கட்டுத்தறிச் சுவரில் ஆணியில் வரிசையாகத் தொங்கும். செத்த மாட்டின் கயிற்றையும், கறிக்குப் போன மாட்டின் கயிற்றையும் மட்டும் வீட்டில் வைக்க மாட்டார், தூக்கி எறிந்துவிடுவார். அண்ணன் இதை வண்டிக்குக் கொண்டுவந்தார். சாவியைக் கழற்றிக் கொடுப்பார், சாவி மாட்டியிருந்த வளையத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். வெள்ளகோவில் வீட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு பலகையில் ஆணி அடித்து ஒவ்வொன்றாக மாட்டிவைத்திருந்தார். பிரித்துக் காயலான் கடைக்குப் போன வண்டிகளின் வளையத்துக்கு அங்கே இடம் கிடையாது. அதைச் சாவியோடு எறிந்துவிடுவார்.

அந்த வண்டி தொண்டாமுத்தூரிலிருந்து வந்தது. மூட்டுவலியால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட ஒரு பெரியவரின் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் பக்கத்தில் மூன்று மழைக்காலம் நனைந்து கிடந்திருக்கிறது. அண்ணன் முதலில் போய்ப் பேசி முடித்தார். எடுத்துவர நானும் போனேன். டேங்குக்குள் துரு, சீட்டுக்குள் எறும்புப் புற்று, சைலன்சரில் ஏதோ கூடு கட்டிக் குடும்பமே நடத்தியிருந்தது. பெரியவர் பேர் மாற்றும் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதைக் காலியாகவே கொடுத்தார். எங்கள் தொழிலில் அப்படித்தான். வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்சி புத்தகத்தில் முதல் ஆள் பேரே இருக்கும். இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அலைய மாட்டார்கள்.

"ஏதாச்சும் ஒண்ணுன்னா கூப்புடறனுங்க அம்மணி" என்று பெரியவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது வளையத்தை ஒரு தரம் தடவினார். கொட்டாங்குச்சியில் செதுக்கிய சின்ன ஆமை அதில் தொங்கியது. அவரே செய்தது, ஒரு கால் உடைந்திருந்தது.

வண்டியைக் கொட்டகையில் இறக்கிய அன்றைக்கு என் மகள் காலேஜிலிருந்து வந்தாள். இரண்டு பஸ் மாறிப் போகிறவள். புழுதியோடு புழுதியாக அந்த வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, "மாமா, இத எனக்கே குடுத்துருங்க. அம்மா ரெடி பண்ணட்டும், நான் காலேஜுக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அண்ணன் சட்டென்று எழுந்து வந்தார். "எறங்கு கண்ணு. இது வேண்டா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்ட வண்டி? மாமன் உனக்கு நல்லதா ஒண்ணு பாத்துத் தாரேன்" என்று அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சொன்னபடி அடுத்த மாதமே நல்ல நிலையில் ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் நான் பீற்றிக்கொள்ளாத வீடு இல்லை.

அந்த வண்டியில் நான் மயங்கிப்போனேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. முதலில் வண்டியின் எலும்பைப் பார்க்க வேண்டும், சேசிஸையும் கழுத்தையும். நானோ இன்ஜினைத் தொட்டுவிட்டு எழவே இல்லை. டேங்கில் நட்டுகளைப் போட்டு, டீசல் ஊற்றி, குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தேன். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. கணவர் பட்டறையில் சிலிண்டருக்குப் போர் அடித்துக் கொடுத்தார். இன்ஜினுக்குக் கரன்ட் தரும் செம்புக்கம்பிக் காயில் கருகிக்கிடந்தது. புதிது வாங்கலாம். வாங்காமல் நானே உட்கார்ந்து சுற்றினேன். பதினோரு வருடம் சுற்றியது எதற்கு? ஐந்தாவது உதையில் இன்ஜின் பிடித்தபோது கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன். சீரான, தணிந்த சத்தம். அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கடைசியாகத்தான் கழுத்துக்கு வந்தேன். ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பால்ரஸ் குண்டுகளை மாற்றுவதற்காக முன்பக்கத்தைக் கழற்றியபோது, கழுத்துக்குக் கீழே பிரதான பைப் சேரும் இடத்தில் பெயின்ட் மெல்லிதாக உரிந்திருந்தது. வழித்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கோடு. கீறலாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். பட்டறையில் வார்ப்புகளில் விரிசல் பார்க்க ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் டீசல் தடவி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசவேண்டும். வெறும் கீறல் என்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன டீசல் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு எழும். எழுந்தது. பைப்பின் பாதிச் சுற்றுக்கு ஓடியது அந்தக் கோடு.

அந்த இடம் விட்டுப்போனால் ஓட்டத்தில் முன்சக்கரம் தனியாகப் போய்விடும். ஓட்டுபவர் பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

அண்ணனை வரச்சொல்லி டார்ச் அடித்துக் காட்டினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். "இது வண்டி இல்லீங்கண்ணா, எமன். இந்த எடத்துல வெல்டிங் வெச்சா நிக்காது. நிக்கற மாதிரி தெரியும், அவ்வளவுதான். இத விக்கக்கூடாது."

அவர் குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு, "நீ சொன்னாச் சரி அம்மணி. இன்ஜின மட்டும் கழட்டி வித்துப்போட்டு, மிச்சத்தக் காயலான் கடையில போட்றேன். என்ற கண்ணு முன்னாலயே வெட்டச் சொல்றேன்" என்றார். மறுநாள் ஒரு குட்டியானை லோடு வண்டியைக் கூட்டிவந்து ஏற்றிக்கொண்டு போனார். நான் சுற்றிய காயில் போகிறதே என்று ஒரு வருத்தம் இருந்தது. அதோடு அந்த வண்டியை மறந்தேன்.

மூன்று மாதம் கழித்து வெள்ளகோவிலில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்திக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைத் தற்செயலாகப் பார்த்தேன். கால் உடைந்த ஆமை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

காயலான் கடைக்குப் போன வண்டியின் வளையம் அங்கே எப்படி வரும்? அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அந்த ஆமையா? கைவேலை நல்லா இருந்துச்சு அம்மணி, எறிய மனசு வல்ல. அந்தாண்ட வா, பந்தி ஆரம்பிக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா காலத்திலிருந்து எறிந்தே பழகிய கைக்கு அன்றைக்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை நானே பாயசத்தோடு விழுங்கினேன். அன்றைக்கு அந்த வீட்டில் காது குத்திக்கொண்டது பேத்தி மட்டுமல்ல.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். தொண்டாமுத்தூர்ப் பெரியவர் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, வண்டிய உடைச்சுப் போட்டாச்சுன்னு உங்க அண்ணன் சொன்னாருங்களே. இப்ப என்ற போனுக்கு போலீஸ்ல இருந்து அபராதம் வந்திருக்குதுங்க. காந்திபுரம் சிக்னல்ல ஹெல்மெட் போடலையாமா. நான் கக்கூசுக்கே குச்சி ஊணிட்டுப் போறவன், காந்திபுரத்துல எங்கீங்க வண்டி ஓட்டறது?"

அபராதத்தோடு வந்த படத்தை அனுப்பச் சொன்னேன். சிக்னல் கேமரா பிடித்த படம். நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. ஹெல்மெட் இல்லாத ஒரு ஆள் ஓட்டுகிறார். பின்னால் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரைப் புடவை கட்டிய பெண். முன்னால், டேங்க் மேல், நாலு வயதுக்கு மேல் இராது, ஒரு பெண் குழந்தை. சரியாக அந்தக் கழுத்துக்கு மேல், இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பெரியவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அது ஆனை முட்டுன வண்டியாச்சுங்களே. பலாப்பழத்துக்கு வந்த ஆனை, வண்டியத் தொட்டிச் சொவத்தோட சேத்து நசுக்கிப்போட்டு போச்சு. அதனாலதான் பிரிச்சுக்கறதுன்னா எடுத்துக்குங்கன்னு உங்க அண்ணங்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லலீங்களே."

"அவருகிட்டச் சொன்னா உங்ககிட்டச் சொன்ன மாதிரின்னு நெனச்சனுங்க."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது, அவ்வளவு ஆத்திரம். ஆனை முட்டியதை ஏன் மறைத்தீர்கள், காயலான் கடை என்று ஏன் பொய் சொன்னீர்கள், குழந்தை உட்கார்ந்திருக்கிறதே, கண் இருக்கிறதா உங்களுக்கு என்றெல்லாம் கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, வழக்கமான குரலில், "அம்மணி, அம்மணி, கத்தாத. நல்ல வெல்டராப் பாத்து பிளேட் வெச்சுப் பத்த வெச்சிருக்குது, கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

"யாருக்கு வித்தீங்க? நம்பரக் குடுங்க."

"நீ போய் நின்னா அவிங்க பயந்துக்குவாங்க. நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள்ல வண்டிய வாங்கியாந்து உன்ற ஊட்டு வாசல்ல நிறுத்தறேன், போதுமா?"

இரண்டு நாள் போனது. நாலாவது நாளும் போனது. அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வெளியே ஓடினேன். வேறு வழி தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புடவை உறைத்தது. மாம்பழ மஞ்சளும் பச்சைக் கரையும் காந்திபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சீருடை.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்னே, எதிர்ப்பக்க டீக்கடையில் போய் நின்றேன். கைப்பையில் சின்ன பாட்டிலில் டீசல், ஒரு துணி, ஒரு துண்டு சாக்பீஸ். டவுன் பஸ்கள் வந்து வந்து மஞ்சள் புடவைகளை இறக்கின. சிலரைக் கணவனோ அண்ணனோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது டீயில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பார்ப்பதற்கு முன்னே கேட்டேன். பஸ் ஹாரன்களுக்கு நடுவில் சீராக, தணிவாக, நான் சுற்றிய காயில், நான் பூட்டிய இன்ஜின். அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வண்டி பளபளவென்று இருந்தது. படத்தில் பார்த்த மூன்று பேரும் அதில் இருந்தார்கள், குழந்தை முன்னால் டேங்க் மேல். கழுத்துக்குக் கீழே பைப்பில் கட்டைவிரல் தடிமனுக்குத் திருஷ்டிக் கயிறு, கறுப்பு, சுற்றிச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு சங்கு கோத்திருந்தது. ஊரில் பாதி வண்டிக்கு இந்தக் கயிறு உண்டு, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த இடத்தைத் தேர்ந்து கட்டியவருக்கு மட்டும்தான் ஏன் என்று தெரியும்.

குறுக்கே போய் நின்று, நான் யார் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அய்யோ, நீங்கதானுங்களாக்கா? பொம்பள கையில தயாரான வண்டி, புள்ளைய வெச்சு ஓட்டறதுக்கு நம்பி வாங்கலாம்னுதானுங்க வாங்குனோம்."

அவள் கணவர் முகம் மலரவில்லை. டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர், சட்டையில் வெள்ளைச் சிமெண்டு காய்ந்திருந்தது. வண்டியை அணைக்காமலே, "நீங்க வருவீங்கன்னு உங்க அண்ணன் போன் பண்ணுனாருங்க. பங்குத் தகராறு, கோவத்துல வண்டிய ஏதாச்சும் கொற சொல்லித் திரும்ப வாங்கப் பாப்பா, காதுல போட்டுக்காதீங்கன்னாருங்க" என்றார்.

வண்டி வரும் என்று நான் காத்திருந்த நாலு நாளில் அண்ணன் செய்த வேலை இது. என் வார்த்தை அந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே அதன் கழுத்தைத் திருகிப் போட்டிருக்கிறார்.

"அந்தக் கயித்த மட்டும் அவுத்துப் பாக்கோணுங்க" என்றேன்.

"கோயில்ல பூசை வெச்சு உங்க அண்ணனே கட்டுனதுங்க. அவுக்கறதெல்லாம் ஆகாது. நேரமாச்சு, நவுருங்க."

நான் நகரவில்லை. "சரிங்க, நான் பொய்யே சொல்றேன்னு வெச்சுக்குங்க. பாப்பாவ மட்டும் இங்க எறக்கி உட்டுப்போட்டு, நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. அப்பறம் நான் போயிடறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் இறங்கி, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அவளே கீழே உட்கார்ந்து அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். நகத்துக்கு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கயிறு விழுந்ததும் வெல்டிங் தெரிந்தது. பட்டி பூசித் தேய்த்துக் கறுப்படித்திருந்தார்கள். டீக்கடை ஸ்பூனால் பெயின்டைச் சுரண்டி, டீசலைத் தடவினேன். ஊறும்வரை காத்து நின்றோம். துடைத்தேன். சாக்பீஸைப் பொடித்துப் பூசினேன். குழந்தை, "அத்த கோலம் போடறாங்க" என்றது. வெள்ளையில் கறுப்புக் கோடு எழுந்தது. பிளேட்டைச் சுற்றிக்கொண்டு, வெல்டிங்குக்கு வெளியே, பழைய நீளத்தையும் தாண்டி ஓடியது. இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி.

அந்த மனிதர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். "நேத்துக்கூட அன்னூர் வரைக்கும் போயிட்டு வந்தமுங்க, மூணு பேரும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே அந்த வண்டியை வாங்கிக்கொண்டு, என் மகளின் ஸ்கூட்டரை அவர்களுக்குக் கொடுத்தேன். மகள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இந்த முறை படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடவில்லை. அந்தத் தம்பதியும் நானுமாக மூன்று பேரும் ஆர்டிஓ ஆபீசில் நின்று பேர் மாற்றினோம். கொடுக்கும்போது என் கை பழக்கத்தில் சாவியை மட்டும் கழற்றி நீட்டியது. வளையம் என் விரலிலேயே இருந்தது. பார்த்துவிட்டு அதையும் சேர்த்துக் கொடுத்தேன். எந்த ராசி போனாலும் போகட்டும்.

தொண்டாமுத்தூர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி நானே கட்டரால் அறுத்தேன். கழுத்தை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் எனக்குள் ஒரே ஒரு நப்பாசை இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெல்டிங் நிற்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். மாட்டுத் தரகருக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? தெரியாமல் செய்தார் என்றால் திட்டலாம், அழலாம், ஒருநாள் மன்னித்தும் விடலாம். 'தெரியாமப் பண்ணிட்டேன்' என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும் என்றுதான் போனேன்.

அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வா அம்மணி" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். கோட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஒண்ணும் ஆகலையில்ல? அப்பறம் எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஆகாம இருந்தது உங்க புண்ணியம் இல்லீங்கண்ணா."

"என்னயக் கொலகாரனாட்டம் பாக்காத அம்மணி." அவருக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. "நான் உனக்கு எப்பவாச்சும் கெடுதி நெனச்சிருக்கனா? உன்ற புள்ள அந்த வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு வேணும்னு அடம் புடிச்சா. நான் குடுத்தனா? கையப் புடிச்சு எறக்கி உட்டனா இல்லியா? நீயே சொல்லு."

தன் பாசத்துக்குச் சாட்சியாகத்தான் அதைச் சொன்னார். நான் கழுத்தைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால், டீசலுக்கும் சாக்பீஸுக்கும் முன்னால், வண்டி வந்து இறங்கிய முதல் நாளிலேயே அவர் என் மகளை அதிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். தன் ரத்தம் ஏறக்கூடாத வண்டி என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். தெருவெல்லாம் நான் பீற்றிக்கொண்ட அந்தத் தாய்மாமன் பாசம் இதுதான்.

உள்ளே போய்ப் பலகையிலிருந்து ஆமையை எடுத்தேன். பெரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எங்க அம்மணி கெளம்பற? சாப்புட்டுப் போ" என்றார் அண்ணன். எங்கள் பக்கத்தில் ஜென்மப் பகையாளி வீட்டிலிருந்து எழுந்தால்கூட 'வாரனுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். நான் சொல்லவில்லை.